முதல் தூண்டில்

பிள்ளையை முதன்முதலாக மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் நாளில் பெரியவர்கள் தூண்டில் போடக் கூடாது. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்து அறுவடை முடிந்த ஒரு வாரத்தில், தஞ்சைப் பக்கம் ஒரு பாசன வாய்க்காலின் மதகடியில் இரண்டு குடும்பங்களைப் பார்த்தேன். ஒரு கரையில் அப்பாவும் ஆறேழு வயதுப் பையனும். அப்பாவிடம் சுருள் வைத்த புது ராடு, பையனிடம் சின்ன மூங்கில் கழி. அப்பாவின் தக்கை ஆடும்போதெல்லாம் அவர் கண் முழுக்கத் தக்கை மேல் போய்விடும். அந்த நேரம் பையன் மதகுச் சுவரின் விளிம்பில் ஏறி, கீழே சுழிக்கும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அப்பா அக்கறையில்லாதவர் அல்ல. வெயில் படாமல் பையன் தலையில் துண்டு கட்டிவிட்டிருந்தார், தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். ஆனால் மீன் கடித்தால் கண் அங்கேதான் போகும். மனித சுபாவம் அப்படி.

எதிர்க்கரையில் ஒரு தாத்தாவும் பேத்தியும். தாத்தாவிடம் தூண்டிலே இல்லை. பேத்திக்குச் சற்றுப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கையின் ஆள்காட்டி விரல், அவள் சட்டையின் பின் காலருக்குள் கொக்கி போல மாட்டியே இருந்தது. அவள் முன்னால் சாய்ந்தால் விரல் இறுகும். பின்னால் வந்தால் தளரும். அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் இருந்தவரை அந்த விரல் வெளியே வரவில்லை.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. சினிமாவில் காட்டுவதுபோல் கையை வீசி, "காப்பாத்துங்க" என்று கூப்பிடாது. வாய்க்குள் தண்ணீர் போனபின் சத்தம் எழும்ப வழியில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நாலடி தள்ளி நிற்பவருக்குக்கூடத் தெரியாது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இதைப் படித்ததும், "அப்படியானால் எதற்கு வம்பு, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று தோன்றும். அந்த முடிவை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாளிதழ்களில் ஒரே செய்தி ஊர்ப்பெயர் மட்டும் மாறி வருகிறது: ஏரியில் குளிக்கப் போன மாணவர்கள், குட்டையில் இறங்கிய அண்ணன் தம்பி, ஒருவனைக் காப்பாற்றக் குதித்து மூழ்கிய மற்றவன். இவர்களில் பலர் தண்ணீருக்குப் பழகாத பிள்ளைகள். "தண்ணிப் பக்கமே போகாதே" என்று சொல்லி வளர்த்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நண்பர்களோடு, பெரியவர் துணையில்லாமல் போனார்கள். கரை எங்கே சரிகிறது, சேறு எங்கே காலை வாங்கும், அமைதியாக நிற்கும் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தூண்டில் அதைச் சொல்லித்தரும். குளிக்கப் போகும் பிள்ளை தண்ணீருக்குள் பாய்கிறது. மீன்பிடிக்கப் போகும் பிள்ளை கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறது. ஒரு மணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்தால், எங்கே ஆழம் என்று நிறம் காட்டும், எங்கே இழுப்பு என்று மிதக்கும் இலை காட்டும். நீச்சல் கற்பதற்கு முந்தைய பாடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்தத் தண்ணீர்?

ஊருக்கு ஊர் பருவம் மாறும். காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை திறக்க ஜூன் 12, மூட ஜனவரி 28 என்பது பழைய வழக்கம். தண்ணீர் வந்த புதிதில் வாய்க்கால்கள் இருகரையும் முட்டி ஓடும். சிறு பிள்ளைகளுக்கு அது ஆகாது. மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து, மதகடிகளிலும் மடைவாய்களிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கும்போது மீனும் அங்கே ஒதுங்கும். பொங்கல் விடுமுறைதான் டெல்டாப் பிள்ளைகளுக்குத் தோதான காலம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கும். அங்கே அந்த நாட்கள் தோது.

ஆறு என்றால் படித்துறை நல்ல இடம். ஒவ்வொரு படியும் எவ்வளவு ஆழம் என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும். ஆனால் அணைக்குக் கீழே உள்ள ஆற்றில், மேலே தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் கிடுகிடுவென ஏறும். வெள்ள எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிக்காமல் காவிரியிலோ பவானியிலோ பிள்ளையோடு இறங்குவது தவறு.

ஏரிகளில் பெரிய ஆபத்து மண் எடுத்த குழி. வண்டலும் சவுடும் அள்ளிய இடத்தில், முழங்கால் ஆழத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மழை பெய்து நிறைந்துவிட்டால் மேலே இருந்து பார்க்க எல்லாம் ஒரே மட்டம். கோடையில் நீர்நிலைகளில் போகும் உயிர்களில் பல இந்தக் குழிகளில்தான் போகின்றன. வயல்களில் வெட்டப்படும் பண்ணைக் குட்டைகளும் பார்க்கச் சாதுவாக இருக்கும். நாலு பக்கமும் செங்குத்தான சரிவு. சிலவற்றில் தண்ணீர் இறங்காமலிருக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்கள். அதில் பாசி பிடித்துவிட்டால் நீந்தத் தெரிந்த பெரியவராலும் மேலே ஏற முடியாது. ஷீட் விரித்த குட்டைக்குப் பிள்ளையை எக்காரணம் கொண்டும் கூட்டிப்போகாதீர்கள்.

என்னை முதலில் தூண்டிலுக்குக் கூட்டிப்போனவர் என் சித்தப்பா. கரைக்குப் போனதும் அவர் தூண்டிலைப் பிரிக்க மாட்டார். நீளமான மூங்கில் கழி ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டு, கரையோரமாக நடந்தபடியே அடி அடியாக ஊன்றிப் பார்ப்பார். "இந்தா, நீ ஊணு" என்று என் கையில் கொடுப்பார். கழி பாதி போய்த் தரை தட்டும் இடம், முழுதும் போய்க் கை நனையும் இடம், சேற்றில் சிக்கி வர மறுக்கும் இடம் எல்லாவற்றையும் என் கையே அறிந்தது. அந்தக் கழி கூடவே இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாராவது தவறி விழுந்தால் நீட்டிப் பிடிக்கக் கொடுக்கலாம். காப்பாற்றத் தெரியாதவர் தண்ணீரில் குதிக்கக் கூடாது. கழியை நீட்ட வேண்டும், இல்லையென்றால் கயிற்றை வீச வேண்டும். மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன் ஒன்றில் கயிறு கட்டி எடுத்துப் போங்கள். ஆள் பிடித்து மிதக்க அது போதும். 108-க்குச் சொல்ல கைபேசி வேண்டும். மற்றபடி அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அனுமதி கேட்பதும் பிள்ளை கற்க வேண்டிய பாடம்தான். பல ஏரி, குளங்களில் மீன்பாசி குத்தகை விட்டிருப்பார்கள்; குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டிருப்பார். "பையனுக்குத் தூண்டில் பழக்கணும், ரெண்டு மூணு பொடிமீன் பிடிச்சுக்கலாமாண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எங்கே பிடித்தால் கடிக்கும் என்றுகூடச் சொல்லுவார்கள். கோயில் தெப்பக்குளம், பறவைகள் சரணாலயம், நகரங்களின் குடிநீர் ஏரி இவை வேண்டாம். சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம்.

முந்தின நாள் சாயங்காலம்

மீன்பிடி தொடங்குவது கரையில் அல்ல, மண்புழு தோண்டுவதில். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலை மீன் பிடிப்பதைவிடப் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். வாழையடி, கிணற்றடி, மாட்டுக் கொட்டகையின் ஓரம், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் இடம் என்று ஈரமும் மக்கலும் உள்ள எங்கும் புழு இருக்கும். ஒரு கொத்து மண்ணைப் புரட்டிப் போட்டால், உருண்டையான ஈர மண்ணுக்குள் பாதி உடலைச் செருகிக்கொண்டு பாதி நெளியும். இழுத்தால் அறுந்துவிடும். மண் உருண்டையை இரு கையாலும் மெல்ல உதிர்க்க வேண்டும். புழு தானாகக் கையில் விழும். இதை ஒரு ஐந்து வயதுப் பிள்ளை செய்வதைப் பாருங்கள். நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும். முதலில் அருவருத்த பிள்ளைதான், கொஞ்ச நேரத்தில் "அப்பா, இது ரொம்பப் பெருசு" என்று தூக்கிக் காட்டும். கொட்டாங்கச்சியில் ஈர மண் போட்டு, அதில் புழுக்களை விட்டு, மேலே வாழையிலைத் துண்டு மூடி நிழலில் வைத்தால் காலை வரை உயிரோடு இருக்கும்.

புழுவைத் தொடவே மாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து சிறு உருண்டை பிடித்தால் ஜிலேபி மீனும் கெண்டையும் கடிக்கும். மாவு உருண்டையைப் பிள்ளையே முள்ளில் செருகலாம்.

தூண்டிலுக்குக் கடை கடையாக அலைய வேண்டாம். பிள்ளையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் இலேசான மூங்கில் குச்சி, அதே நீளத்துக்குத் தங்கூஸ் நரம்பு, சின்னதாக ஒரு முள், அதற்கு மேலே நரம்பில் கடித்து இறுக்கிய ஈயக் குண்டு, ஒரு தக்கை. முள் வாங்கும்போது நம்பர் பாருங்கள். நம்பர் கூடக்கூட முள் சிறியது. பொடிமீனுக்குப் பத்து, பன்னிரண்டு நம்பர் போதும். வாங்கியதும் குறடு எடுத்து, முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். இதனால் நாலு மீன் நழுவும், நழுவட்டும். விரலில் குத்தினால் வந்த வழியே எளிதாக எடுத்துவிடலாம். செதிலுள்ள முள் சதையில் ஏறினால் இழுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ரணஜன்னி தடுப்பூசி கணக்கையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். முத்தடுப்பு ஊசியின் கூடுதல் தவணை ஒன்றரை வயதிலும் ஐந்து வயதுக்கு மேலும் போடப்பட வேண்டும்.

தக்கைக்கு நெட்டி கிடைத்தால் நல்லது. தேய்ந்த ரப்பர் செருப்பில் விரல் அகலத் துண்டு வெட்டி, நடுவில் ஊசியால் துளையிட்டு நரம்பைக் கோத்தாலும் அருமையாக மிதக்கும். தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்து தண்ணீரெல்லாம் மிதக்கும். அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வரக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் காலில் சுற்றினால் சாவுதான். சிக்கு விழுந்த நரம்பைச் சுருட்டிப் பைக்குள் போடுவது பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

விலை கூடிய ராடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரை நெடுக மின்கம்பி போகும் ஊர் நம்முடையது. ராடைத் தூக்கி வீசும் முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். கோடை மழைக்கு இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

தக்கை ஆடுகிறது

கரைக்குப் போக வேண்டிய நேரம் காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல். வெயிலுக்காக மட்டுமல்ல, மீனும் அந்நேரம்தான் கரைக்கு வரும். இருட்டும் முன் கிளம்பிவிட வேண்டும். கரைப்புல்லில் பாம்பு நடமாட்டம் கூடும் நேரம் அது.

நாலு வயதுப் பிள்ளை வேடிக்கை பார்க்கும், அது போதும். ஆறு வயதில் கழி பிடிக்கலாம். எந்த வயதானாலும், பிள்ளைக்குச் சலிப்பு வந்தால் அன்றைய மீன்பிடி முடிந்தது. "இன்னும் கொஞ்சம் இரு, கடிக்கும்" என்று பிடித்து உட்கார வைத்தால் அடுத்த முறை வரமாட்டேன் என்று சொல்லும். தட்டான் பிடிக்கப் போனால் போகட்டும், நத்தை பொறுக்கினால் பொறுக்கட்டும். முதல் நாளில் பெரிய மீனுக்கு ஆசைப்படுவது நாம்தான். பிள்ளைக்கு விரல் நீளக் கெண்டையே பெரிய மீன்.

மதகடித் தாத்தா பேத்திக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். "தக்கையைப் பாரு ஆயி. வேற எங்கயும் பாக்காத. துடிக்குது பாரு, துடிச்சுத் துடிச்சு நிக்குதுல்ல, அது பொடிக் கெண்டை கொத்துது. இழுக்காத, இழுத்தா புழுவத் தின்னுட்டுப் போயிடும். தக்கை ஒரு பக்கமா நவுண்டு போவும் பாரு, அப்ப இழுக்கணும்." அவள் தலையை ஆட்டினாள். தக்கை துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. பிறகு மெல்ல இடப்பக்கமாக நகரத் தொடங்கியது. அவள் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இழு" என்று கத்தும் ஆசை எந்தப் பெரியவருக்கும் வரும். அவர் வாயைத் திறக்கவில்லை. அவளாக முடிவெடுத்து, கழியை இரு கையாலும் சுண்டித் தூக்கினாள். வெள்ளி போல ஒன்று பின்னால் பறந்து தாத்தாவின் தோளில் அடித்து விழுந்தது. "தாத்தா, நாந்தான், நானேதான்" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரைப் பையன் மதகுச் சுவரிலிருந்து இறங்கி ஓடிவந்து பார்த்தான்.

ஒரு குழந்தைக்குத் தன் கண்ணையும் கையையும் நம்பி ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பு இன்று எத்தனை இடத்தில் கிடைக்கிறது? பள்ளியிலும் டியூஷனிலும் விடை முன்பே யாரோ எழுதிவைத்தது. தக்கைக்கு விடைத்தாள் கிடையாது.

கையில் ஒரு மீன்

தமிழ்நாட்டுக் குளங்களில் பிள்ளையின் தூண்டிலில் ஏறும் முதல் மீன் பெரும்பாலும் ஜிலேபியாக இருக்கும். இது நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தது மலிவாகப் புரதம் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான். ஆனால் பெருகிப் பெருகி நம் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் வெற்றிக்குக் காரணம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை: தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும், குஞ்சுகள் வெளியே வந்தபிறகும் ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். வற்றிய ஏரியில் நடந்தால் தரையில் வட்ட வட்டமாகத் தட்டுப் போலக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டிய கூடுகள் அவை. பிள்ளையை உட்கார வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஜிலேபியின் முதுகில் வரிசையாக முள். தலைப் பக்கமிருந்து வால் நோக்கிக் கையை வழித்துக் கொண்டுபோனால் முள் மடங்கும். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் குத்தும். பனையேறிக் கெண்டையின் செவுள் மூடி அரம் போல அறுக்கும். அந்த மூடியை ஊன்றித்தான் அது மழைநாளில் ஈரத் தரையில் நகர்ந்து குளம் விட்டுக் குளம் போகிறது. விசேஷ உறுப்பு ஒன்று தலைக்குள் இருப்பதால் காற்றிலிருந்தும் மூச்சுவிடும்.

கெளுத்தி ஏறினால் பிள்ளை தொடவே கூடாது. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள். தேளி இன்னும் மோசம், அதன் முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கடுக்கும். பெரியவர் துணி போட்டு அமுக்கி, குறடால் தூண்டில் முள்ளை எடுக்க வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி தணியும். சூட்டை முதலில் பெரியவர் கை வைத்துப் பார்த்துவிட்டே பிள்ளையின் கையை விட வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது எல்லாப் பெற்றோரும் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். மீன் துடிக்கிறது; பிள்ளை பார்க்கிறது. சில பிள்ளைகள் அழும். "விட்டுடுப்பா, பாவம்" என்று சொல்லும். அப்போது சிரிக்கவும் கூடாது, "இதுக்குப் போயா அழறே" என்று அதட்டவும் கூடாது. விட வேண்டும் என்றால் விடலாம். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். காய்ந்த கையில் மீனின் மேல் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் நோயிலிருந்து அதைக் காக்கும் தோல். தண்ணீருக்குள் வைத்து, தானாக நழுவிப் போகும்வரை பிடித்திருக்க வேண்டும். தூக்கி எறியக் கூடாது.

சாப்பிட எடுத்துப் போவதென்றால் உடனே கொன்றுவிட வேண்டும். வாளியில் போட்டு மணிக்கணக்கில் மூச்சுத் திணற விடுவது கொடுமை. பிள்ளை அதைப் பார்த்துப் பழகுவது அதைவிடக் கெடுதல். தலையில் ஒரே அடி, முடிந்தது. இதை மறைத்துச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. குழம்பில் கிடக்கும் மீன் ஒரு உயிராக இருந்தது என்று தெரிந்து சாப்பிடும் பிள்ளை தட்டில் மிச்சம் வைக்காது. கையளவுக்கும் குறைந்ததை விட்டுவிடுவது, தேவைக்கு மேல் பிடிக்காமல் நிறுத்துவது, சிவப்பாகத் திரண்டு நீந்தும் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விராலைத் தொடாமல் விடுவது எல்லாம் அந்த முதல் நாளிலேயே பழகிவிடும். விராலில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கின்றன. அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தின்பண்டம். காலில் புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வயல் வாய்க்காலில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

மகள்களையும் கூட்டிப் போங்கள்

"தூண்டில் ஆம்பளைப் பிள்ளை வேலை" என்று ஒரு நினைப்பு வீடுகளில் இருக்கிறது. அண்ணன் கழியோடு போவான், தங்கை வாசலில் நிற்பாள். நம் பழைய இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. அகநானூற்றின் 216-ஆம் பாடலில் மெல்லிய கோலில் நாண் கட்டி மீன் பிடிப்பவள் பாணர் வீட்டுப் பெண். கரையோரத்தில் விராலைப் பிடித்து, வஞ்சி விறகில் சுட்டுத் தன் தந்தைக்கு ஊட்டுகிறாள். சங்ககாலத்தில் இயல்பாக இருந்தது இன்று நமக்குப் புதுமையாகத் தெரிகிறது. நீச்சல் பழகாமல், தண்ணீர் பழகாமல் வளரும் பெண்பிள்ளைகள், துணி துவைக்கவோ குளிக்கவோ போன இடத்தில் கால் வழுக்கினால் என்ன செய்வார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கூட்டத்தோடு மீன் பிடிப்பதைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் தென்மாவட்டங்களின் மீன்பிடித் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள். கண்மாய் வற்றும் தறுவாயில் ஊர் கூடி நாள் குறிக்கும். விடியற்காலையிலேயே சுற்றுவட்டாரமெல்லாம் கரையில் திரண்டு நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒன்றுமில்லாதவர்களுக்கு வேட்டியே வலை. பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைப்பதே பல ஊர்களின் வழக்கம். அன்றைக்குச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். நெரிசலில் சின்னப் பிள்ளையை இறக்காதீர்கள். கரையில் தோளில் வைத்துக் காட்டினால் போதும்.

கடலோரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையிலிருந்து தூண்டில் போடுவதை அது தடுக்காது. ஆனால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் பாசி படிந்து வழுக்கும், இடுக்கில் கால் சிக்கும், எதிர்பாராமல் பெரிய அலை ஏறும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது இடமில்லை. அலையடிக்காத கழிமுகத்து மணல்கரை பரவாயில்லை, உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போனால்.

தூண்டில் பழகிய பிள்ளையை அடுத்து நீச்சலுக்கு அனுப்புங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சென்னை வேளச்சேரி உட்பட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடைப் பயிற்சி நடக்கிறது. கிராமத்தில் இருந்தால் நீந்தத் தெரிந்த மாமனோ சித்தப்பாவோ இருப்பார். காலில் விழுந்தாவது கூட்டிவாருங்கள்.

ஊராட்சிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். விடுமுறை தொடங்கும் நேரத்தில்தான் மே 1 கிராம சபை கூடுகிறது. ஏரியில் எந்தெந்த இடத்தில் மண் எடுத்த குழி இருக்கிறது, அதைச் சுற்றிக் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டியாயிற்றா, பிள்ளைகள் பாதுகாப்பாக உட்கார்ந்து தூண்டில் போட ஒரு படித்துறையைச் சீர்செய்து தருவீர்களா என்று அந்தக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து கேட்க வேண்டும். பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். குழி எங்கே என்று ஊருக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துவது ஊரின் கடமை.